வீட்டின் திறப்பு யாரிடம்? யாழ்ப்பாண வீடுகளில் பெருகும் இணையக் கருவிகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்ப வீட்டில் எத்தனை பொருட்கள் இணையத்தோடு இணைந்திருக்கின்றன என்று கேட்டால், “மூன்று நாலு போன் இருக்கு” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ரவுட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தால் எண்ணிக்கை வேறாக இருக்கும். கேற்றடியில் பொருத்திய கமரா, அதன் பதிவுப் பெட்டி, தொலைக்காட்சி, தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகியிருக்கும் சிறிய பெட்டி, கூரையில் உள்ள சூரியத் தகடுகளுக்கான இன்வேர்ட்டர், பிள்ளைகளின் டப் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இந்தக் கட்டுரைக்காக எங்கள் வீட்டுப் பட்டியலையும் எடுத்தேன். வீட்டில் ஐந்து பேர். ரவுட்டரைத் தவிர்த்து 14 கருவிகள் இருந்தன. ஐந்து போன், இரண்டு மடிகணினி, ஒரு டப் ஆகிய எட்டும் யாராவது கையில் எடுத்துப் பாவிப்பவை. மீதி ஆறும் தொலைக்காட்சி, அதன் பெட்டி, கமராப் பதிவுப் பெட்டி, இன்வேர்ட்டர், அச்சியந்திரம், தண்ணீர் மோட்டரை இயக்கும் வைஃபை பிளக் ஆகியவை. இவற்றில் பல, யாரும் தொடாத வேளையிலும் வெளியே எங்கேயோ உள்ள ஒரு சேர்வரோடு தொடர்பில் இருப்பவை.

எந்தக் கருவியை வாங்கலாம், எதன் விலை மலிவு என்பது பற்றியதல்ல இந்தக் கட்டுரை. வீட்டுக்குள் வந்துவிட்ட ஒவ்வொரு கருவியையும் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பதே இதன் பொருள். அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? அது சேர்க்கும் தகவல் எங்கே போகிறது? அதனால் பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியுமா? வீட்டுத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை நாங்கள் எப்போதும் அறிந்து வைத்திருப்போம். அதே கவனம் இந்தத் திறப்புகளுக்கும் தேவைப்படுகிறது.

பற்றறிக்குத் தடை இருந்த ஊரில்

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளோடு பற்றறியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் அவை. குப்பி விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று பெற்றோராகவும் பேரர்களைக் கண்டவர்களாகவும் இருக்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசப் பின்னர் கொமினிக்கேசனில் வரிசையில் காத்திருந்தவர்களும் அவர்கள்தான். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு மீண்டும் தனித்துப் போனது. அந்தக் காலத்தில் கைத்தொலைபேசிச் சேவை நிறுத்தப்பட்ட நாட்களும் இருந்தன.

அப்படிப்பட்ட வீடுகளுக்குள் இணையக் கருவிகள் மூன்று வழிகளால் வந்தன. முதலாவது புலம்பெயர்ந்த பிள்ளைகள். பெற்றோர் ஊரில் தனியாக இருக்க, பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். வீடு புகுந்த கொள்ளைகளும் வாள்வெட்டுச் சம்பவங்களும் செய்தியாகும் ஒவ்வொரு முறையும், “ஒரு கமரா பூட்டுவோம்” என்ற பேச்சு வருகிறது. இரண்டாவது கல்வி. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்பு போனுக்குள் போனது. ஒரு போனோடு இருந்த வீடு கடன்பட்டாவது இரண்டாவதை வாங்கியது. மூன்றாவது மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அதன்பின் வசதியுள்ளவர்கள் சூரிய மின்சாரத்தையும் பற்றறியையும் நாடினார்கள். இன்று விற்கப்படும் இன்வேர்ட்டர்கள் பலவற்றோடு வைஃபை இணைப்பும் கூடவே வருகிறது.

மூன்றும் நியாயமான தேவைகள். பாதுகாப்பும் படிப்பும் வெளிச்சமும் ஆடம்பரமல்ல. ஆகவே “இதெல்லாம் எதற்கு” என்று ஒதுக்கித் தள்ளுவது விடையாகாது. வந்ததை எப்படி எங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது என்பதே கேள்வி.

கருவி யாரோடு கதைக்கிறது?

கேற்றடிக் கமராவின் காட்சி நேரே ரொறன்ரோவில் உள்ள மகனின் போனுக்குப் போகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. கமரா முதலில் வீட்டு ரவுட்டரோடு இணைகிறது. ரவுட்டர் ஊடாக, கமராவைத் தயாரித்த நிறுவனத்தின் சேர்வரோடு இணைகிறது. மகனின் போனில் உள்ள செயலியும் அதே சேர்வரோடு இணைகிறது. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைப்பது அந்தச் சேர்வர். சில கமராக்களில் அறிமுகத்தோடு அதன் வேலை முடிந்துவிடும். சிலவற்றில் காட்சி முழுவதும் அதன் ஊடாகவே போகும். இன்னும் சிலவற்றில் காட்சி அங்கேயே சேமிக்கப்படும்.

ஆகவே கமரா வாங்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி, பதிவு எங்கே தங்குகிறது என்பது. வீட்டிலேயே மெமரி கார்ட்டிலோ பதிவுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கிலோ தங்கினால், இணையம் இல்லாத நாளிலும் பதிவு நடக்கும். மாதக் கட்டணமும் இல்லை. ஆனால் கள்வன் பெட்டியையே தூக்கிச் சென்றால் பதிவும் போய்விடும். நிறுவனத்தின் கிளவுட்டில் தங்கினால் அந்தப் பயம் இல்லை. மாதாமாதம் கட்டணம் வரும், பதிவு வேறொரு நாட்டில் வேறொருவரின் கணினியில் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் அதிகாரம் முழுவதும் கணக்கை வைத்திருப்பவரிடமே இருக்கிறது. எந்த மின்னஞ்சலில் அல்லது எந்தத் தொலைபேசி இலக்கத்தில் கணக்குத் திறக்கப்பட்டதோ, அவரே கருவியின் சொந்தக்காரர். கமரா உங்கள் சுவரில் இருப்பதும், காசு உங்கள் மகன் கட்டியதும் அந்தச் சேர்வருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கமரா பொருத்த வந்தவர், வேலை சுலபம் என்பதற்காகத் தன்னுடைய மின்னஞ்சலிலேயே கணக்கைத் திறந்து, எங்களுக்குப் பார்வையாளர் அனுமதி மட்டும் தந்துவிட்டுப் போயிருந்தார். அதாவது எங்கள் முற்றத்தை அவர் எந்த நேரமும் பார்க்கலாம், எங்களை அதிலிருந்து நீக்கவும் முடியும். அந்தக் கணக்கை எங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் பல நாட்கள் அவருக்குப் பின்னால் திரிய வேண்டியிருந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. பலரும் இப்படித்தான் பொருத்துகிறார்கள், வீட்டுக்காரரும் கேட்பதில்லை.

வெளிநாட்டுப் பிள்ளையின் பெயரில் கணக்கு இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரகசிய இலக்கம் குறுஞ்செய்தியாக அவருடைய கனேடிய இலக்கத்துக்கே போகும். இங்கே பிரச்சினை நடக்கும்போது அங்கே நள்ளிரவாக இருக்கலாம். களவு நடந்த வீட்டில் கமரா இருந்தும், பதிவை எடுத்துக் காட்ட வீட்டில் யாருக்கும் வழி தெரியாத நிலை வரலாம்.

வேலியில் உள்ள பொட்டு

யாழ்ப்பாண வளவுகளைத் தெரிந்தவர்களுக்கு வேலிப் பொட்டும் தெரியும். கேற்றைச் சுற்றிப் போகாமல் பக்கத்து வளவுக்குள் நுழைய, வேலியில் வைத்திருக்கும் சிறிய வழி அது. அயலவர் வரவும் உதவும், பிறர் நுழையவும் உதவும். ரவுட்டர் என்பது வீட்டின் வேலியும் கேற்றும் போன்றது. வெளியிலிருந்து கூப்பிடாமல் வருபவரை அது சாதாரணமாக உள்ளே விடாது. ஆனால் தூரத்திலிருந்து கமராவைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, பொருத்துகிறவர்கள் சிலவேளை ரவுட்டரில் ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். சில கருவிகள் தாமாகவே ரவுட்டரிடம் கேட்டு அப்படியொரு வழியைத் திறந்துகொள்ளும். அந்தப் பொட்டு உங்கள் மகனுக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. இணையத்தில் உள்ள எல்லோருக்கும் அது தெரியும்.

அதைத் தேடி அலைபவர்கள் மனிதர்கள்கூட அல்ல, நிரல்கள். 2016 இல் மிராய் என்ற நிரல் இப்படித்தான் பரவியது. கமராக்களும் ரவுட்டர்களும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ள பொதுவான பயனர் பெயர், கடவுச்சொல் சோடிகள் 60 இற்கு மேற்பட்டவற்றை அது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. பெட்டியில் எழுதியிருந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால் பல லட்சம் கருவிகள் அதன் வசமாயின. அந்த ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி அக்கருவிகளின் ஒரு பகுதியை ஏவி டின் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது ருவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கமராவின் சொந்தக்காரர்கள் பலருக்கு, தங்கள் கருவி அதில் பங்கெடுத்தது இன்றுவரை தெரியாது.

எங்கள் ஆட்கள் அதிகம் பாவிக்கும் இன்னொரு பொருளையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ் அலைவரிசைகளையும் படங்களையும் மலிவாகப் பார்க்கலாம் என்று விற்கப்படும், பெயர் தெரியாத அன்ட்ரொயிட் தொலைக்காட்சிப் பெட்டிகள். புலம்பெயர் வீடுகளில் பரவலாக இருப்பவை, விடுமுறைக்கு வருபவர்களின் பயணப் பொதிகளில் ஊருக்கும் வருகின்றன. இப்படிப்பட்ட பெட்டிகள் சில, கடைக்கு வருமுன்னரே தீய நிரல் ஏற்றப்பட்டு வருவது கண்டறியப்பட்டுள்ளது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இது பற்றிப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதம் கூகிள் நிறுவனம் தொடுத்த வழக்கில், பாட்பொக்ஸ் 2.0 என்ற இந்த வலைப்பின்னலில் 1 கோடிக்கு மேற்பட்ட கருவிகள் சிக்கியுள்ளதாகக் கூறியது. இந்த நிரல் உள்ள பெட்டி, உங்கள் வீட்டு இணைப்பை வேறு யாரோ தங்கள் குற்றத்துக்கு முகமூடியாகப் பாவிக்க விடும். விசாரணை வந்தால் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கும். இதை எங்களில் எவரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய நிறுவனத்தின் பொருள் என்றால் எல்லாம் சரி என்றும் இல்லை. வாடிக்கையாளரின் அந்தரங்கக் காட்சிகளை ஊழியர்கள் பார்க்க விட்டதாக அமேசனின் ரிங் நிறுவனம் மீது அமெரிக்காவில் முறைப்பாடு எழுந்தது. 2023 இல் அந்நிறுவனம் 58 லட்சம் டொலர் செலுத்த இணங்கியது. 2024 பெப்ரவரியில் வைஸ் கமராக்களில் ஏற்பட்ட கோளாறால் ஏறக்குறைய 13,000 பேருக்கு மற்றவர்களின் வீட்டுக் காட்சிப் படங்கள் போய்ச் சேர்ந்தன.

பார்க்கப்படுகிறவர்

எனக்குத் தெரிந்த பெரியம்மா ஒருவர், விறாந்தைக்கு வருமுன் நல்ல சீலை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். மகன் அங்கிருந்து பார்ப்பான், அம்மா பழைய சீலையோடு இருக்கிறா என்று கவலைப்படுவான் என்பதுதான் காரணம். அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்கு ஆறுதலும்தான். ஆனால் சொந்த விறாந்தையில் காலை நீட்டி இருக்கும் சுதந்திரம் அதற்கு விலையாகப் போயிருக்கிறது.

விழுந்தால் தெரிய வேண்டும், மருந்து எடுத்தாரா என்று பார்க்க வேண்டும் என்ற பிள்ளைகளின் தவிப்பு உண்மையானது. அதே அளவுக்கு அம்மாவின் சம்மதமும் உண்மையானதாக இருக்க வேண்டும். கமரா எந்தெந்த இடத்தைக் காட்டுகிறது, யார் யார் பார்க்கிறார்கள், ஒலியும் பதிவாகிறதா என்பதை அவருக்குச் சொல்லி, அவருடைய போனிலேயே அந்தக் காட்சியைக் காட்டுவது நல்லது. படுக்கையறையும் குளியலறை வாசலும் வேண்டவே வேண்டாம். கமராவை நிறுத்தும் ஆளி அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவும், தென்னையில் ஏறும் ஐயாவும், ரியூசனுக்கு வரும் பிள்ளைகளும் இதே கமராவில் விழுகிறார்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டும். ஒழுங்கை முழுவதையும், எதிர்வீட்டுக் கிணற்றடியையும் காட்டும்படி கமராவைத் திருப்பி வைப்பது இன்னொரு பிரச்சினை. பனையோலை வேலியும் கிடுகு வேலியும் மதிலாக மாறியதற்கு மறைப்பும் ஒரு காரணம். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் கமரா அந்த மறைப்பை இல்லாமல் செய்கிறது. பல கமராக்களின் செயலியில், குறித்த பகுதியைக் கறுப்பாக்கி மறைக்கும் வசதி உண்டு. அயல் வீட்டுப் பக்கத்தை அதனால் மறைத்துவிடலாம்.

பட்டியல்கள் பற்றிய எங்கள் நினைவு

இந்த இடத்தில் எங்கள் வாசகர்களின் அனுபவம் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் வந்து தங்கினார்கள் என்ற தகவலுக்கு இங்கே உயிரின் பெறுமதி இருந்தது. வீட்டு அங்கத்தவர் பட்டியலைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த காலத்தை யாரும் மறக்கவில்லை. போர் முடிந்த பின்னரும் படையினர் வீடு வீடாகக் குடும்ப விபரங்களையும் படங்களையும் திரட்டினார்கள். அதற்கெதிராகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். அப்பதிவை நிறுத்துவதாக 2011 இல் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்தில் உறுதியளித்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் பங்கெடுப்பவர்கள், தாங்கள் கண்காணிக்கப்படுவதாகத் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுகளுக்காகவும் இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள்.

அன்று ஒரு படிவத்தில் எழுதிக் கேட்கப்பட்டவற்றில் பல, இன்று கேற்றடிக் கமராவில் திகதி நேரத்தோடு பதிவாகின்றன. யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்த மோட்டார் சைக்கிளில் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாங்களே காசு கொடுத்துச் சேர்க்கும் பதிவு இது. எனவே எத்தனை நாளுக்குச் சேமிக்க வேண்டும் என்பதை நாங்களே தீர்மானிக்க வேண்டும். களவைக் கண்டுபிடிக்க ஓரிரு வாரப் பதிவு போதும். ஆறு மாதப் பதிவால் வீட்டுக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

பொலிஸ் விசாரணைகளில் கமராப் பதிவு உதவுகிறது என்பதும் உண்மை. விபத்து, களவு, தாக்குதல் போன்றவற்றில் கொடுப்பது அயலுக்கும் நல்லது. யார் கேட்டாலும், எந்த விசாரணைக்காக, எந்த நாள், எந்த நேரத்துப் பதிவு என்பதை எழுத்தில் கேளுங்கள். வந்தவரின் பெயரையும் பதவியையும் குறித்து வையுங்கள். கேட்ட பகுதியைப் பிரதி எடுத்துக் கொடுத்து, இன்னொரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். கடவுச்சொல்லையோ முழுப் பெட்டியையோ கேட்டால் முதலில் ஒரு சட்டத்தரணியோடு பேசுங்கள். அச்சுறுத்தப்பட்டதாக உணர்ந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்.

சட்டம் எவ்வளவு காக்கும்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்கள் எங்கள் தகவலை எப்படிக் கையாள வேண்டும் என்று வகுக்கிறது. தனியொருவர் முற்றிலும் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்யும் பதிவுக்கு அது பொருந்தாது. அதாவது பக்கத்து வீட்டுக் கமராப் பற்றிய தகராறுக்கு அதில் உடனடித் தீர்வைத் தேட முடியாது. கருத்துச் சுதந்திரத்தை நசுக்கும் என்று கடுமையாக விமர்சிக்கப்பட்ட 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கோடு அவருடைய அந்தரங்கத் தகவலை இணையத்தில் வெளியிடுவது குற்றமாக உள்ளது. கமராவில் விழுந்தவரை அவமானப்படுத்த அந்தக் காட்சியை வட்ஸ்அப் குழுக்களில் போடுபவர்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

வெளிநாடுகளில் சட்டம் சற்று முன்னே போயிருக்கிறது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல்லோடு வீட்டு இணையக் கருவிகளை விற்க முடியாது. எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதையும் விற்பவர் அறிவிக்க வேண்டும். லண்டனிலிருந்து கமரா வாங்கி அனுப்பும் பிள்ளைகள் இந்த அறிவிப்பைப் பார்த்து வாங்கலாம்.

கரண்டும் இணையமும் இல்லாத நாளில்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தால் நாடு முழுவதும் மின்சாரம் போனது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் எழுச்சியின்போதும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அம்மாவோடு பேச வட்ஸ்அப் மட்டுமே வைத்திருந்த குடும்பங்கள் அந்த நாட்களில் தவித்துப் போயின. கோளாறு எங்கள் நாட்டிலேயே நடக்க வேண்டும் என்றும் இல்லை. 2025 ஒக்டோபர் 20 ஆம் திகதி அமேசன் நிறுவனத்தின் அமெரிக்கக் கணினி நிலையமொன்றில் ஏற்பட்ட கோளாறால் உலகின் பல இடங்களில் வீட்டுக் கருவிகள் வேலை செய்யவில்லை.

நிறுவனம் சேவையை நிறுத்தினாலும் கருவி செத்துவிடும். கூகிள் குழுமத்தின் நெஸ்ட் நிறுவனம், தான் வாங்கிய ரிவோல்வ் என்ற வீட்டுக் கருவியின் சேர்வரை 2016 இல் நிறுத்தியபோது, நன்றாக இருந்த பெட்டிகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. ஆகவே தண்ணீர் மோட்டர், கேற் பூட்டு, இன்வேர்ட்டர் போன்ற அத்தியாவசியப் பொருட்களைக் கையாலும் இயக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். வயோதிபர் உள்ள வீட்டில் சாதாரண அழைப்பு எடுக்கக்கூடிய ஒரு பட்டன் போனும், தாளில் எழுதிய முக்கிய இலக்கங்களும் இருக்கட்டும்.

செலவையும் கணக்கிடுங்கள். 10 வோட் எடுக்கும் ரவுட்டர் இரவு பகலாக இயங்கினால் மாதம் 7 அலகுக்குச் சற்று மேல். பதிவுப் பெட்டியும் நாலு கமராவும் சேர்ந்து 30 வோட் எடுத்தால் மாதம் 21 அலகுக்கு மேல். மாதம் 60 அலகுக்குள் நிற்கப் பாடுபடும் வீட்டுக்கு இது சிறிய தொகையல்ல. டேட்டாவும் அப்படித்தான். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் காட்சியை வெளியே அனுப்பும் ஒரு கமரா, நாளுக்கு ஏறக்குறைய 21 ஜிபி தின்னும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் அனுப்பும்படி செயலியில் மாற்றினால் இது பெருமளவு குறையும்.

ஒரு கொப்பியும் ஒரு பின்னேரமும்

இத்தனைக்கும் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு ஞாயிறு பின்னேரமும் போதும். வெளிநாட்டிலுள்ள பிள்ளையும் வீடியோ அழைப்பில் கூட இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் ரவுட்டரின் பின்பக்கத்தில் உள்ள முகவரியைப் போனில் தட்டி அல்லது அதன் செயலியைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். எது என்னவென்று தெரியாத பெயர் இருந்தால், வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், பட்டியலிலிருந்து எது மறைகிறது என்று தெரியும். எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் ஒரு பெயர் நின்றால், அது வெளியாள். வைஃபை கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள்.

இரண்டாவது, ரவுட்டரை நிர்வகிக்கும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இது வைஃபை கடவுச்சொல் அல்ல, வேறு ஒன்று. பலர் இதைத் தொடுவதே இல்லை. நீளமான கடவுச்சொல்லே பலமானது. தொடர்பில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் உங்களுக்கு நினைவிலும் நிற்கும், பிறருக்குக் கண்டுபிடிக்கவும் கடினம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம்.

மூன்றாவது, ஒவ்வொரு கருவிக்கும் எதிரே அதன் கணக்கு எந்த மின்னஞ்சலில் உள்ளது, வேறு யார் யாருக்கு அனுமதி உள்ளது என்று எழுதுங்கள். பொருத்தியவரின் பெயர் இருந்தால் நீக்குங்கள். ஊரில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர் என்று இருவரிடம் முழு அனுமதி இருக்கட்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

நான்காவது, ரவுட்டரில் விருந்தினர் வைஃபை என்ற தனி இணைப்பு இருந்தால், கமரா, தொலைக்காட்சிப் பெட்டி, பிளக் போன்றவற்றை அதில் விடுங்கள். வங்கிச் செயலி உள்ள போனும் மடிகணினியும் மற்றதில் இருக்கட்டும். ஒன்று கெட்டாலும் மற்றதைத் தொடுவது கடினமாகும். பெயர் தெரியாத தொலைக்காட்சிப் பெட்டியை ஒரேயடியாகக் கழற்றி வைப்பதே நல்லது.

ஐந்தாவது, விற்கும்போதும் இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும் கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, கணக்கிலிருந்தும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். மெமரி கார்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விடயம். இடம்பெயர்வுகளில் அல்பங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் எங்களிடம் ஏராளம். தப்பிய ஓரிரு படங்களை, காணாமல் போன மகனின் படத்தை, இறந்த கணவரின் அடையாள அட்டையைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரே ஒரு கூகிள் கணக்கில், ஒரே ஒருவரின் பெயரில் இருக்கும். இரண்டு ஆண்டுகள் யாரும் பாவிக்காத தனிநபர் கணக்குகளை கூகிள் 2023 டிசம்பர் முதல் அழித்து வருகிறது. பாவிக்காத சிம் இலக்கமும் காலப்போக்கில் வேறொருவருக்குப் போகலாம். அந்தப் படங்களை ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுத்து, தாளிலும் அச்சிட்டு, காணி உறுதி வைத்திருக்கும் இடத்திலேயே வையுங்கள். கொப்பியும் அங்கேயே இருக்கட்டும். வீட்டில் இன்னும் ஒருவருக்காவது அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.